ஐந்தாவது துண்டு

அத்தியாயம் 7

எட்டுப் புகைப்படங்கள். எட்டிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லில் நகரக் கலைக்கூடத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி ஒடில் வெர்ஷாவ் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பது துப்பறியும் தொழிலில் போனது. அழுத முகத்தை அவள் நம்புவாள். கோபித்த முகத்தை இன்னும் அதிகம் நம்புவாள். நாள் முழுக்கச் சிரிக்கிற குடும்பத்தைப் பார்த்தால்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

"அப்பா, அம்மா, தாத்தா, பேத்தி. காலையில மியூசியம், மதியம் விருந்து, சாயந்திரம் கேக். ஒருத்தர் மூஞ்சியும் கோணல," என்றான் மெஹ்தி. "இது குடும்பம் இல்ல மேடம், பற்பசை விளம்பரம்."

மெஹ்தி முன்பு இதே நகரத்தில் பேருந்து ஓட்டியவன். பயணிகளிடம் வாய்கொடுத்தே வேலையை இழந்தான். இப்போது அந்த வாய்க்கு ஒடில் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து என்ன பயன் என்று மாதத்துக்கு இரண்டு முறை யோசிப்பாள்.

படங்களை எடுத்தது ஆறு வயது நினோன். கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த கேமரா. அமுக்கினால் உடனே படம் வெளியே வந்து விழும் வகை. தேதியும் கிடையாது, மணியும் கிடையாது. எடுத்தவள் அவள் என்பதால் எதிலும் அவள் இல்லை. எட்டாவது படத்தில் அவளுடைய அம்மா அர்மெல் மட்டும் இருந்தாள், தலையில் தங்க நிறக் காகித மகுடத்தோடு. மேலே விளக்கு எரிந்தது. பின்னால் ஜன்னல் கறுப்பாக இருந்தது. ஒடில் அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்தாள்.

வழக்கு எளிதானது, எளிதாக இருப்பதுதான் அதன் கோளாறு. ஜனவரி முதல் ஞாயிறு, மாலை நான்கு பத்து. நகரத்துக்கு வெளியே கால்வாய்ச் சாலையில் சாம்பல் நிறக் கார் ஒன்று, சைக்கிளில் போன ஒருவரை அடித்துவிட்டுப் பறந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கார் நினோனின் அப்பா பெனுவாவுடையது. ஓட்டியது யாரென்று பார்த்தவர் இல்லை.

பெனுவா போலீசிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நாலு மணிக்கு நான் வீட்டில் ராஜா கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். கார் தெருவில் நின்றது, யார் எடுத்தார்களோ தெரியாது. மனைவியும் அப்பா ஃபெர்னானும் அப்படியே சொன்னார்கள். மனைவி சாட்சியும் அப்பா சாட்சியும் எந்த நீதிபதியிடம் எடுபடும்? மூன்று வாரமாக ஆள் சிறையில் இருந்தான். நேற்றுத்தான் அர்மெல் ஒடிலின் அலுவலகத்துக்கு வந்து, ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "அவர் வீட்டுல இருந்தார்னு நிரூபிச்சுக் கொடுங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்," என்று கேட்டாள்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றான் மெஹ்தி. "ஆள் கேக் வெட்டினானா இல்லையாங்கிறதுக்கு நாம ஏன் மியூசியத்துல நிக்கிறோம்?"

"அந்தத் துண்டுக்காக."

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் கேக் வெட்டாத வீடு அந்த ஊரில் கிடையாது. வீட்டின் கடைக்குட்டி மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளும். பெரியவர் ஒவ்வொரு துண்டாகக் கத்தியால் தொட்டு 'இது யாருக்கு' என்று கேட்பார். கீழேயிருந்து பெயர் வரும். உள்ளே ஒளிந்திருக்கும் பீங்கான் பொம்மை யார் துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு மகுடம். எத்தனை பேர் இருந்தாலும் ஒரு துண்டு கூடுதலாக வெட்டியாக வேண்டும். அது ஏழையின் துண்டு. நாலு பேர் இருந்தால் ஐந்து.

"மூணு பேர் வாக்குமூலத்தையும் வக்கீல் கொடுத்தாரே, படிச்சியா?" என்றாள் ஒடில். "எத்தனை மணிக்கு வெட்டினாங்க, யாரு வெட்டினாங்க, பொம்மை யாருக்கு வந்துச்சு, எல்லாம் ஒப்பிச்ச மாதிரி ஒண்ணு. பொம்மை அர்மெலுக்கு, மகுடம் அர்மெலுக்கு. ஆனா அஞ்சாவது துண்டு மட்டும் மூணு பக்கம் போகுது. அர்மெல் சொல்றா, அதை மாமனார் சாப்பிட்டார்னு. மாமனார் ஞாபகம் இல்லங்கிறார். பெனுவா, கீழ விழுந்துடுச்சு, குப்பையில போட்டோம்கிறான்."

"துண்டுக்கு இறக்கை முளைச்சிருக்கும்."

"பொய்யை ஒத்திகை பார்க்கிறவங்க எல்லாத்தையும் ஒத்திகை பார்ப்பாங்க. ஏழையோட துண்டை யாரு நினைச்சுப் பார்ப்பாங்க?"

மெஹ்தி விரல்விட்டு ஐந்துவரை எண்ணிப் பார்த்தான்.

"இன்னொண்ணு," என்றாள் ஒடில். "அந்தத் துண்டு எப்பவும் வெளி ஆளுக்குத்தான் போகும். அப்படிப் போயிருந்தா அந்த ஆள்தான் பெனுவாவுக்குச் சாட்சி. உள்ள கிடக்கிறவன் அதை ஏன் குப்பையில போடுறான்?"

முதல் மாடியில், பழங்களும் செத்த முயலும் வரைந்திருந்த ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் காவலுக்கு இருந்த பெண்ணுக்கு அந்தக் குடும்பம் நன்றாக ஞாபகம் இருந்தது.

"மாசத்து முதல் ஞாயிறு இங்க டிக்கெட் கிடையாது. ஊரே வந்து நிக்கும். இருந்தாலும் அந்தப் பொண்ணை மறக்கல. ஃபிளாஷ் அடிக்காதேன்னு நாலு தடவை சொன்னேன். அஞ்சாவது தடவை என்னையே எடுத்துட்டா."

"அப்பா அம்மா?"

"அதோ அந்த பெஞ்சு. ஒரே பெஞ்சுல ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டி உக்காந்திருந்தாங்க. புள்ள கேமராவைத் தூக்கினதும் திரும்பி ஒட்டிக்கிட்டுச் சிரிச்சாங்க. படம் வெளிய வந்துச்சு. மறுபடியும் முதுகு."

மெஹ்தி இரண்டாவது படத்தை எடுத்து அந்த பெஞ்சோடு ஒப்பிட்டுப் பார்த்தான். "ரெண்டு செகண்டு கல்யாணம்," என்றான். அந்தப் பெண் சிரித்தாள். ஒடிலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பெஞ்சுகளில் உட்கார்ந்தவள்தான்.

அடுத்தது மதியச் சாப்பாடு. பழைய நகரத்தின் சந்தில் இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடையில் நுழைந்ததுமே, பீரில் வெந்த மாட்டிறைச்சியின் வாசனையும் ஊரையே கூட்டும் பாலாடைக்கட்டி வாடையும் முகத்தில் அடித்தன. மெஹ்தி கேட்காமலே ஒரு தட்டு வறுத்த உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு அதை விசாரணைச் செலவு என்று அறிவித்தான். கடைக்காரி கிஸ்லேன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த மேஜையா. இவங்க போனப்புறம் நானே ஒரு கிளாஸ் ஊத்திக் குடிச்சேன்மா."

"சண்டையா?"

"சண்டைன்னா ரெண்டு பேர் பேசணுமே. கிழவர் மட்டும்தான் பேசினார். மருமகளுக்குப் போன வருஷம் லைசென்ஸ் போயிடுச்சாம். ஒவ்வொரு தப்புக்கும் லைசென்ஸ்ல புள்ளி வெட்டுவாங்கல்ல, வேகமா ஓட்டி ஓட்டிப் புள்ளியெல்லாம் காலி. அதைப் பிடிச்சுக்கிட்டார். சூப்புக்கு ஒரு தடவை, கறிக்கு ஒரு தடவை. 'இவளை மூட்டை மாதிரி பின் சீட்டுல போட்டு என் பையன் ஊர் சுத்தணும். ஒரு வண்டி ஒழுங்கா ஓட்டத் தெரியாதவ ஒரு குடும்பத்தை எங்க ஓட்டுவா'ன்னு. புள்ளைக்கு எதிர்லயே."

"புருஷன் என்ன சொன்னார்?"

"உருளைக்கிழங்கு தின்னார்."

மெஹ்தி கையிலிருந்த உருளைக்கிழங்கைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"அவ?" என்றாள் ஒடில்.

"அவ பேசல. கத்தியால ரொட்டியைச் சின்னச் சின்னதா வெட்டிக்கிட்டே இருந்தா, ஒண்ணும் வாயில போடல. அப்புறம் புள்ள கேமராவைத் தூக்கிச்சு. சிரிச்சா." கிஸ்லேன் நாற்காலி ஒன்றைக் காட்டினாள். "கேக் பெட்டி இதுலதான் இருந்துச்சு. நான் எடுத்து ஓரமா வைக்கப் போனேன். கிழவர் விடல. 'பத்திரம், கீழ்வீட்டு மஸூரெக் வருஷம் பூரா இதுல ஒரு துண்டுக்குக் காத்திருக்கான்'னார். யாருக்கோ ஒருத்தருக்கு நல்லது நினைக்கிறாரேன்னு நினைச்சேன்."

ஒடில் எழுந்துவிட்டாள். மெஹ்தி தட்டைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அவள் பின்னால் ஓடினான்.

"கீழ்வீட்டு மஸூரெக். வாக்குமூலம் மூணுலயும் இந்தப் பேரே இல்லையே மேடம்."

"அதான்."

பெனுவா வீடு இருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில், அஞ்சல் பெட்டியில் மஸூரெக் என்று எழுதியிருந்தது. பெட்டி கடிதங்களால் பிதுங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவருக்கு எண்பது வயது இருக்கும்; சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட தலைமுறை, பேச்சுக்கு நடுவே நின்று மூச்சு வாங்கினார். கூடத்தில் பயணப் பெட்டி இன்னும் பிரிக்காமல் கிடந்தது.

"நேத்து ராத்திரிதான் வந்தேன்மா. போலந்துல என் தங்கச்சி. இடுப்பு உடைஞ்சுடுச்சு. திங்கக்கிழமை விடியக்காலை பஸ் ஏறினவன், மூணு வாரம் கழிச்சு இப்பதான்."

"எந்தத் திங்கக்கிழமை?" என்றாள் ஒடில்.

"ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள்."

அப்படியானால் இவருக்கு எதுவும் தெரியாது. போலீஸ் வந்தபோது இந்தக் கதவு பூட்டியிருந்தது. ஒடில் உட்கார்ந்தாள். அவசரப்படவில்லை.

"அந்த ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டுல இருந்து உங்களுக்குக் கேக் வந்துச்சா?"

"வராம இருக்குமா? பதினொரு வருஷமா வருது. பெனுவாவும் சின்னப் பொண்ணும் கொண்டாந்தாங்க. பொண்ணு வாசல்ல நின்னு பாட்டுப் பாடினா. ஃபோனைக் காட்டி, தங்கச்சியையும் கேக்க வச்சேன்."

"ஃபோன்ல இருந்தீங்களா?"

"அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து பேசிக்கிட்டிருந்தா. பேச ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம் இருக்கும், வாசல் மணி அடிச்சுது."

மெஹ்தி கையை நீட்டினான். பெரியவர் தன் பழைய ஃபோனைக் கொடுத்தார். மெஹ்தி அமுக்கி அமுக்கிப் பின்னால் போனான். ஞாயிறு, நான்கு மணிக்கு ஆரம்பித்த அழைப்பு. நான்கு இருபத்தாறுக்கு முடிந்தது.

"மேடம்," என்றான். "நாலு பத்துக்குக் கார் அங்க ஆளை அடிக்குது. அப்போ பெனுவா இங்க நிக்கிறான். போலந்துல ஒரு அம்மா பாட்டுக் கேக்குது. இதைவிட என்ன வேணும்?"

"என்ன கார்? என்ன ஆச்சு?" என்றார் மஸூரெக்.

ஒடில் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அடங்கினான். அவளும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் உள்பையில் இருந்த அந்த எட்டாவது படம் அவளை விடவில்லை.

"கேக் நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"அன்னிக்கு வயிறு சரியில்ல. காகிதத்துல சுத்தி மறுநாள் பஸ்ல எடுத்துட்டுப் போனேன். ஜெர்மனி தாண்டுறப்ப ஒண்ணு. எல்லைக்கிட்ட இன்னொண்ணு."

"இன்னொண்ணா?"

"இந்தத் தடவை ரெண்டு துண்டு கொடுத்தாங்களே. ஒண்ணு வழக்கமா வர்ற ஏழையோட துண்டு. இன்னொண்ணு யாரோடதுன்னு நான் கேக்கல. கிடைச்ச கேக்கைக் குறுக்கு விசாரணை பண்ற பழக்கம் எனக்கு இல்ல." அவர் சிரித்து, இருமி, சட்டைப்பையில் விரலை விட்டார். "ரெண்டாவதைக் கடிச்சேன், பல்லுல நங்குன்னு பட்டுச்சு. எண்பத்தொரு வயசுல முதல் தடவையா நான் ராஜா. பஸ்ல யாருக்கும் அது புரியல."

உள்ளங்கையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பீங்கான் ஆடு.

மெஹ்தி அதைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். ஒடில் பார்க்காதது போல எழுந்தாள். மூன்று வாக்குமூலத்திலும் பொம்மை அர்மெலுக்கு வந்தது. மகுடமும் அர்மெலுக்கு. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட மேஜையிலிருந்து இரண்டு துண்டு கீழே வராது.

"நீ இங்கயே இரு," என்றாள் மெஹ்தியிடம். "நான் மேல போயிட்டு வர்றேன்."

அவனிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். படியேறும் அவசரத்தில் சொல்லவில்லை. பிற்பாடு அதற்காக அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

மேல் வீட்டில் ஃபெர்னான் சமையலறை வாசலில் நின்றிருந்தார், கையில் கத்தியும் பாதி உரித்த உருளைக்கிழங்குமாக. நினோன் உள் அறையில் ஏதோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அர்மெல் கூடத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைச்சுது. உங்க புருஷன் வெளிய வந்துடுவார். அசைக்க முடியாத சாட்சி."

அர்மெல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதனால்தான் அடுத்ததைக் கேட்க ஒடிலுக்குக் கசந்தது.

"அந்தப் பொம்மையைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"எந்தப் பொம்மை?"

"கேக்குல உங்களுக்கு வந்தது."

"அது... நினோன் எங்கயோ போட்டுட்டா."

"என்ன பொம்மை அது?"

அர்மெல் முகத்திலிருந்து கையை எடுத்தாள். ஃபெர்னான் சமையலறை வாசலிலிருந்து நகரவில்லை.

"ஆடு," என்றாள் ஒடில். "இப்போ கீழ்வீட்டு மஸூரெக் சட்டைப்பையில இருக்கு. அன்னிக்கு நாலு பத்துக்குப் பெனுவா அவர்கிட்ட ரெண்டு துண்டு கொண்டு போய்க் கொடுத்தார். நினோன் பாடினதைப் போலந்துல இருந்து அவர் தங்கச்சி ஃபோன்ல கேட்டிருக்காங்க. மேஜைக்கு அடியில இருந்து நினோன் உங்க பேரையும் சொல்லியிருக்கா. நீங்க இல்லாட்டியும் வீட்டு ஆள்தானே. துண்டும் வெட்டியிருக்காங்க. மீதி மூணு துண்டுலயும் பொம்மை இல்ல. அப்போ அது அம்மா துண்டுல இருக்கணும்னு அவ கணக்குப் போட்டிருக்கா. நீங்க வந்ததும் மகுடத்தைத் தலையில வச்சு ஒரு படம் எடுத்தா." படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஜன்னலைப் பாருங்க. நாலேகாலுக்கு ஜனவரியில இருட்டாது. இது அஞ்சரைக்கு மேல."

அர்மெல் படத்தைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் ஃபெர்னான். "பெனுவா வாயைத் திறக்காதேன்னான். திறக்கல."

"அன்னிக்குத் திறந்தீங்களே," என்றாள் அர்மெல். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "காலையில இருந்து திறந்துக்கிட்டே இருந்தீங்க. வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவுறப்பவும் பின்னால நின்னு மூட்டை மூட்டைன்னு. சாவி ஆணியில தொங்குச்சு. அரை மணி நேரம், எனக்கும் ஓட்டத் தெரியும்னு ஒரு சுத்து, அவ்வளவுதான். மழை. ஏதோ இடிச்சுது."

"இறங்கிப் பார்த்தீங்களா?" என்றாள் ஒடில்.

"பார்த்தேன்."

"உயிர் இருந்துச்சா?"

"கண் திறந்திருந்துச்சு. என்னைப் பார்த்தார். லைசென்ஸ் இல்லாம வந்துட்டோமேன்னுதான் அப்போ எனக்குத் தோணுச்சு. அந்த நேரத்துல மனுஷி யோசிக்கிற யோசனையா அது? திரும்பி ஏறிட்டேன்."

உள் அறையில் கத்தரிக்கோல் சத்தம் நின்று மறுபடி கேட்டது.

"கீழ்வீட்டுக்குப் போனதைப் பெனுவா உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"இல்ல. துண்டைத் தாத்தா தின்னுட்டார்னு நினைச்சேன். பெனுவா ஏன் போலீஸ்ல சொல்லல? சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பாங்களே."

"சொல்லியிருந்தா போலீஸ் மஸூரெக்கைத் தேடிப் போகும். மஸூரெக் ரெண்டு துண்டும்பார். மதியம் வாயைத் திறந்து உங்களுக்காக ஒரு வார்த்தை பேசாத மனுஷன், கோபத்துல உங்க துண்டையும் தூக்கிக் கொடுத்துட்டார். அப்புறம் அதை யாரும் எண்ணிடக் கூடாதுன்னு மூணு வாரமா உள்ள உக்காந்திருக்கார்."

அர்மெல் ஒடிலின் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பெரியவரை ஒரு துண்டுன்னு சொல்லச் சொல்லுங்க. வேற எதையும் மாத்த வேண்டாம். பெனுவா வந்ததையும் பாட்டையும் ஃபோனையும் சொல்லட்டும். ஒரே ஒரு துண்டு. நான் கேட்டா சொல்லிடுவார், நல்ல மனுஷன்."

"சொல்லிடுவார். அதனாலதான் நீங்க கேக்கக் கூடாது."

"நினோனுக்கு ஆறு வயசு."

"செத்தவரோட பெரிய பொண்ணுக்கு ஒன்பது. சின்னவனுக்கு நாலு."

அர்மெல் கையை விட்டாள். எழுந்து முதுகை நிமிர்த்தினாள். மூன்று வாரமாக எங்கோ ஒளித்து வைத்திருந்த வேறொரு முகம் வெளியே வந்தது.

"சரி. அப்போ உங்க வேலை இத்தோட முடிஞ்சுது. பெனுவா யோசிச்சுத்தான் இந்த முடிவை எடுத்திருக்கார். அதை மாத்த நீங்க யாரு? நான் கேட்டது உங்களுக்குக் கிடைக்கல, நீங்க எதையும் கண்டுபிடிக்கல. கிளம்புங்க."

ஒடிலுக்கு எதிர்பாராத அடி அது. கட்சிக்காரி போகச் சொன்னால் போக வேண்டியதுதான். கட்சிக்காரி சொன்ன ரகசியத்தை வெளியே சொல்லும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது. முப்பது வருடத்தில் எத்தனையோ உண்மைகளை இப்படிச் சுருட்டி மேஜை இழுப்பறையில் போட்டிருக்கிறாள். இன்னும் ஒன்று சேர்ந்தால் இழுப்பறை நிறையப் போவதில்லை. ஒருவன் செய்யாத குற்றத்துக்கு ஏழு வருடம் உள்ளே கிடப்பான். மகள் மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பாள். அவன் சம்மதித்துத்தான் கிடக்கிறான். இதில் நான் யார் என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. கைப்பையை எடுத்தாள்.

கதவு தட்டாமலே திறந்தது. மெஹ்தி மூச்சிரைக்க உள்ளே வந்தான், முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், வேலை முடிஞ்சுது. பெரியவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பெனுவா உள்ள இருக்கார்னு கேட்டதும் மனுஷன் அழுதுட்டார். நமக்காகக் காத்திருக்கவே இல்ல. டை கட்டி, நல்ல கோட்டை மாட்டிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டார். 'ஒண்ணு விடாம சொல்றேன் தம்பி, ரெண்டு துண்டு, பாட்டு, தங்கச்சி, ஆடு, எல்லாத்தையும் சொல்றேன்'னார். ஆட்டைக் கையிலயே..."

மூன்று பேரும் தன்னைப் பார்த்த பார்வையில் அவன் நின்றுவிட்டான். மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். புத்திசாலிதான், கொஞ்சம் தாமதமாக வரும் புத்தி.

"ஐயோ," என்றான் மெதுவாக.

அர்மெல் கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தான் மாறிப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள்.

"எங்க போற?" என்றார் ஃபெர்னான்.

"நினோனுக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு. அப்புறம் பால் கொடுக்காதீங்க, ராத்திரி வயிறு வலிக்கும். தலை வாரும்போது நுனியில இருந்து ஆரம்பிங்க, இழுக்காதீங்க," என்றாள். உள் அறைக் கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். திறக்காமல் திரும்பிப் படியிறங்கி ஓடினாள்.

"தடுக்கப் போறாளா, கூடப் போறாளா?" என்றான் மெஹ்தி.

ஒடில் ஜன்னலுக்குப் போனாள். தெருக்கோடியில் பேருந்து நிறுத்தத்தில் மஸூரெக் நின்றிருந்தார். அர்மெல் ஓடி வந்து அவர் எதிரே நின்றாள். ஏதோ பேசினாள், அல்லது பேச முயன்றாள். கிழவர் அவளைப் பேச விடவில்லை. இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவள் கை நீண்டது. நீண்ட கை அவர் விரல்களை மெல்ல மூடிவிட்டுத் திரும்பி வந்தது. பேருந்து வந்தது. அவர் ஒதுங்கி நின்று அவளை முதலில் ஏறச் சொன்னார். புருஷனைக் கூட்டிவரப் போகிற பெண்ணுக்குச் செய்கிற மரியாதை என்று அவர் நினைத்திருப்பார். அவள் ஏறினாள்.

மெஹ்தி மேஜைமேல் இருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தான்.

உள் அறைக் கதவு திறந்து நினோன் வந்தாள். விரலெல்லாம் பசை.

"அம்மா எங்க?"

"அப்பாவைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க," என்றாள் ஒடில். அது பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றைச் சொல்வதற்கு இவ்வளவு கூச்சமாக இருந்தது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

ஃபெர்னான் சமையலறைக்குத் திரும்பிப் போனார். மேஜைமேல் உருளைக்கிழங்குக் கூடை இருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துவிட்டுக் கத்தியோடு அப்படியே நின்றார்.

"தாத்தா, நாலு பேருக்கு உரிங்க," என்று நினோன் கூடத்திலிருந்து கத்தினாள். "அம்மாவும் அப்பாவும் வந்துடுவாங்க."

கிழவர் ஒடிலைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக, நாலு பேருக்கும் உரிக்க ஆரம்பித்தார்.